அக்கா சொல்ல நான் எழுதிய பரீட்சைகள்

பரீட்சை எழுதித் தரும் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு: படிப்பது ஒருவர், கை வலிப்பது இன்னொருவருக்கு. அந்த இன்னொருவன் நான். பார்வையில்லாத மாணவர் சொல்லச் சொல்ல விடைத்தாளில் எழுதுபவனுக்கு ஸ்கிரைப் என்று பெயர். பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டில் கல்லூரியில் ஆள் கேட்டபோது சேவை மனப்பான்மையால் கை தூக்கினேன் என்று சொல்ல ஆசைதான். பயிற்சி நாட்களுக்கு ஓ.டி. உண்டு, அதாவது வகுப்புக்குப் போகாமலே வருகைப்பதிவு என்றார்கள், தூக்கினேன்.

அரியர் வைத்திருக்கும் அன்பர்களே, நானும் உங்களில் ஒருவன். முதல் செமஸ்டர் கணிதத்தில் மூன்று முறை விழுந்து, கணக்கு நமக்கு வராது என்று முடிவு கட்டியிருந்தேன். எனக்கு வாய்த்தவர் வண்டலூர் நஸ்ரின் அக்கா, எம்.ஏ. சமூகவியல் கடைசி செமஸ்டர். அவருக்கும் ஒரே ஒரு அரியர், புள்ளியியல். போன முறை எழுதியவர் எண்களை மாற்றிப் போட்டுவிட்டாராம். இந்த முறையும் போனால் பட்டம் தள்ளிப்போகும். பட்டத்துக்காகக் காத்திருக்கும் வேலையும் கை நழுவும்.

கூடுதல் அழகு

முதல் பரீட்சை, கட்டுரை வகை. எங்களுக்குத் தனி அறை, ஒரு மேற்பார்வையாளர். அக்கா சொன்ன வாக்கியம் எனக்குக் கொஞ்சம் மொட்டையாகத் தெரிந்தது. மதிப்பெண் கூடட்டுமே என்று "மிகவும் இன்றியமையாத" என்று நடுவில் செருகினேன். ஸ்கிரைப் ஒரு எழுத்தைக் கூடக் கூட்டக்கூடாது, குறைக்கவும் கூடாது. தெரிந்தேதான் செய்தேன். எழுதியதை அக்கா திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டே கேட்டார்:

"நான் சொன்னது ஒம்பது வார்த்தை. நீ படிச்சது பதினொண்ணு. அந்த ரெண்டும் யார் வீட்டுப் பிள்ளைங்க?"

மூன்றாம் வாசிப்பு

புள்ளியியலுக்கு முன் அவர் வீட்டில் ஒத்திகை. எந்தக் கேள்வியையும் மூன்று முறை படிக்கச் சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு கேள்வியை இரண்டு முறை ரயில் வேகத்தில் படித்துவிட்டேன். மூன்றாவது முறைதான் கண்ணில் பட்டது: "எது பொருந்தாது" என்பதை இரண்டு முறையும் "எது பொருந்தும்" என்று படித்திருக்கிறேன். அக்கா சிரிக்கவில்லை.

"உன் அரியர் எங்கேர்ந்து வருதுன்னு இப்பத்தான் புரியுது."

பழைய கேள்வித்தாள்

எனக்குக் கோபம். என் கணக்கைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? இரும்புலியூரில் என் வீட்டுக்கு வந்து சேரும்வரை கோபம் ஆறவில்லை. அவர் சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் என் பழைய கேள்வித்தாளை எடுத்து மூன்று முறை படித்தேன். ஒரு பெரிய கேள்வியில் கேட்டது ஒன்று, நான் பக்கம் பக்கமாக எழுதியது வேறொன்று. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் அக்காவின் புள்ளியியல் பரீட்சை அன்று காலை பயம் பிடித்துக்கொண்டது. எனக்குக் கணக்கு வராது, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன் அக்காவிடம்.

"கணக்கு எனக்கு வரும்டா. உனக்கு எழுத வரும் இல்ல?"

ஒரு நாலு

சராசரியிலிருந்து ஒவ்வோர் எண்ணும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஒரு பட்டியல். எல்லாவற்றையும் கூட்டினால் சைபர் வரவேண்டும். நான் வாசிக்க வாசிக்க அக்கா மனதிலேயே கூட்டினார். எட்டு வந்தது. அவர் முகம் வெளுத்தது. மறுபடி வாசிக்கச் சொன்னார், மறுபடி எட்டு. எட்டில் பாதி நாலு, அப்படியானால் எங்கேயோ ஒரு நாலு குறி மாறி உட்கார்ந்திருக்கிறது என்று அவர் முணுமுணுத்தபோது, என் பேனாவுக்கு நேர் கீழே அந்த நாலு தெரிந்தது. அவர் மைனஸ் நாலு என்றுதான் சொல்லியிருந்தார். சத்தமில்லாமல் ஒரு கோடு போட்டிருந்தால் அக்காவுக்குத் தெரிந்தே இருக்காது. தப்பு என்னுடையது, மைனஸை விட்டுவிட்டேன் என்றேன். திட்டுவார் என்று குனிந்தேன். அவர் பெருமூச்சு விட்டார்:

"அப்பாடா. நான்தான் மைனஸ் சொல்ல மறந்துட்டேனோன்னு பயந்துட்டேன். போடு மைனஸ், நேரம் ஆவுது."

என் முறை

அடுத்த வாரம் என் கணிதம், நான்காவது தடவை. கேள்வி ஒவ்வொன்றையும் மூன்று முறை, உதடு அசையப் படித்தேன். எழுதியதையும் எனக்கு நானே வாசித்துக்கொண்டேன். இரண்டு இடத்தில் என் தப்பு என்னிடமே மாட்டியது. தண்ணீர் கொண்டுவந்த ஊழியர் அண்ணன் நின்று பார்த்தார்.

"இன்னா தம்பி, பக்கத்துல ஆளே இல்ல, யாருக்குப் படிச்சுக் காட்டிகினு கீற?"

முடிவு

இருவருக்கும் முடிவு ஒரே நாளில் வந்தது. அக்காவுக்குப் புள்ளியியலில் எண்பத்தொன்று. தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் நின்றபடி போனில் கத்திவிட்டேன், போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேலை உறுதி என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. பிறகு என் மார்க்கைக் கேட்டார். ஐம்பத்திரண்டு, பாஸ் என்றேன்.

"மூணு தடவ படிடா. பன்னெண்டா இருக்கப் போவுது."

மூன்று தடவையும் ஐம்பத்திரண்டுதான். கேள்வித்தாளைப் படித்துப் பார்ப்பதற்காகத்தான் தருகிறார்கள் என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு பரீட்சையும் ஒரு மைனஸும் தேவைப்பட்டன.