மச்சினன் ஏறிய லிஃப்ட்

பேரவைக் கட்டடத்தின் ஆறு லிஃப்டுகளையும் பதினான்கு வருடமாகக் கட்டிக் காத்தவர் அந்த மெக்கானிக். ஒன்பது கிரகத்து இனங்கள் சேர்ந்த கூட்டணியின் பேரவை அது. மனிதர்கள் கடைசியாகச் சேர்ந்தவர்கள், ஓட்டுரிமை கிடையாது. சண்டை போடும் இரண்டு இனங்களுக்கு நடுவில் உட்கார்ந்து பேச வைப்பதுதான் மனிதனுக்குக் கொடுத்திருந்த வேலை. அந்த வேலையில் இருப்பவருக்கு ‘நடுவாள்’ என்று பெயர்.

நடுவாள் ஆவதற்கு மெக்கானிக் நான்கு முறை பரீட்சை எழுதினார். நான்கு முறையும் கோட்டை விட்டார். ஐந்தாவது முறை, துணைக்கு வந்த மச்சினனும் சும்மா எழுதினான். முடி வெட்டுகிறவன். அவனை எடுத்துக்கொண்டார்கள்.

“ஒரு பாஷையாவது ஒழுங்கா தெரியுமா அவனுக்கு?” என்று மனைவியிடம் பொருமினார்.

“கடைக்கு வர்ற ஆகாத ரெண்டு பேரைப் பக்கத்துப் பக்கத்துல உக்கார வச்சு சிரிக்க வைப்பானே, அது தெரியும்ல,” என்றாள் அவள். தம்பி என்றால் அவளுக்கு உயிர்.

அன்றிலிருந்து வயிற்றெரிச்சல். மச்சினன் கழுத்தில் தொங்கும் நடுவாளின் நீல அட்டையைக் கண்டாலே முகம் சுண்டிப்போகும். “என்ன மாமா, நல்லா இருக்கீங்களா?” என்று அவன் கேட்டால், விழுந்த திருகாணியைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வார்.

ஒரு நாள் காலை மூன்றாம் லிஃப்ட் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மச்சினன், கூடவே பேச்சுவார்த்தைக்கு அவன் எப்படியோ ஒரே லிஃப்டில் ஏற்றிவிட்ட இரண்டு தூதர்கள். ஒருவர் ஈரத்தோல் இனம், மற்றவர் கல்முதுகு இனம். மூன்று தலைமுறைப் பகை. ஒருவர் நிழல் மற்றவர் மேல் படக் கூடாது.

ஐந்து நிமிட வேலைதான். மெக்கானிக் மேலே இயந்திர அறைக்குப் போய் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் திணறட்டும், துரையின் சாமர்த்தியம் ஊருக்கே தெரியட்டும் என்று நினைத்தார். போனில் கேட்டவர்களிடம், “பாத்துக்கிட்டுதான் இருக்கேன்,” என்றார்.

அரை மணி தாண்டிய பிறகுதான் சுவரில் அவரே ஒட்டிய காகிதம் கண்ணில் பட்டது. ஈரத்தோல் இனத்தார் மூடிய அறையின் புழுக்கத்தில் நாற்பது நிமிடத்துக்கு மேல் தாங்கமாட்டார்கள். பதறி எழுந்தார். ஸ்பேனர் இரண்டு முறை நழுவி விழுந்தது.

கதவு திறந்தபோது ஈரத்தோல் தூதர் துவண்டு கிடந்தார். கல்முதுகுத் தூதர் எப்போதும் குளிர்ந்திருக்கும் தன் முதுகில் அவரைச் சாய்த்துக்கொண்டிருந்தார். மச்சினன் சட்டையைக் கழற்றி, பாட்டில் தண்ணீரில் நனைத்து அவரைத் துடைத்துவிட்டபடி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான்.

தூதர் பிழைத்தார். அந்த மாதமே இரு இனங்களும் சமாதானத்துக்குக் கையெழுத்திட்டன. எந்தச் செய்தியைத் திறந்தாலும் மச்சினன் படம். தான் செய்த துரோகம் அவன் கழுத்தில் மாலையாகப் போய் விழுந்ததைப் பார்க்க மெக்கானிக்குக் கூசியது, எரியவும் செய்தது.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் மாடிப்படியில் அவனை நிறுத்தினார். “மாப்ள, அன்னிக்கு நான் வேணும்னேதான்...”

“தெரியும் மாமா. மேல இருந்து ஒரு சத்தமும் வரல.” அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். “அக்காகிட்ட நான் சொல்லல. நீங்களே சொல்லிடுங்க.”

சொன்னார். அவள் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மேலதிகாரிக்கும் எழுதிக் கொடுத்தார், வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டே இரண்டு லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்கிறார். டிவியில் மச்சினன் வந்தால் இன்னும் சுருக்கென்றுதான் இருக்கிறது. “பாரு, மறுபடியும் தப்பா உச்சரிக்கிறான்,” என்பார். மனைவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள்.