எங்கள் கிணற்றுக்கு நான் போட்ட திட்டம்

உலகப் போர் நடந்த வருஷங்களில் பத்திரிகையைத் திறந்தால் திட்டம், திட்டம்தான். படைக்கு ஒன்று, ஆலைக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. படையின் நோக்கம் ஜெயிப்பது. ஆலைக்கு, பஞ்சு தீர்ந்து இயந்திரம் நின்றுவிடக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு, பரீட்சைக்கு முன்னால் பாடம் முடிய வேண்டும். இருப்பது கொஞ்சமானால் யாருக்கு எப்போது என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் இதன் சாரம் என்று கண்டுகொண்டேன். எருமப்பட்டியில் எங்களிடம் கொஞ்சமாக இருந்தது கிணற்றுத் தண்ணீர்.

கிணறும் அதை இறைக்கும் காளை ஜோடியும் அண்ணனுக்கும் எனக்கும் பொது. வாய்ப்பேச்சாக நடந்துவந்த முறையைத் தேதி போட்டுக் காகிதத்தில் எழுதினேன். நிலம் அதிகமுள்ள அவருக்கு மூன்று நாள், பிறகு எனக்கு ஒரு நாள். என் முதல் நாளே அமாவாசையில் விழுந்தது. அன்றைக்கு எங்கள் பக்கம் யாரும் காளை பூட்டமாட்டார்கள். பழைய முறையில் அந்த நாள் கணக்கிலேயே சேராது; என் காகிதத்திலோ என் முறையாகவே கழிந்துவிட்டது.

என் வயலில் கதிர் வாங்கும் ராகி தண்ணீரில்லாமல் சுருண்டுகொண்டிருந்தது.

"ஏனுங்க, உங்க கேலண்டர்ல அமாவாசையே வராதுங்களா?" என்றாள் மனைவி.

மறுநாள் தண்ணீரைக் கேட்க அண்ணனிடம் போனேன். கட்டுத்தரையில் காளைக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு என்ர மொறையாச்சே தம்பி. படிச்சவன் எழுதுனதை நான் மாத்துனா நல்லாவா இருக்கும்?" முகத்தில் சிரிப்பே இல்லை. கேலி செய்யும்போது அவர் அப்படித்தான்.

பின்னாலேயே மனைவி வந்தாள். கணவனின் அண்ணனோடு நேரே பேசுவது எங்களில் வழக்கமில்லை. ஆகவே காளையிடம் பேசினாள்.

"ஏஞ்சாமி, இன்னும் நாலு நாள் காஞ்சா ராகி போயிரும். அப்புறம் வருசம் பூரா இந்த ஊட்ல களிக்கு எங்க போறதுன்னு கேட்டுச் சொல்லு."

அண்ணன் மற்றக் காளையின் கழுத்தைச் சொறிந்தார். "நாளைக்கு உச்சி வரைக்கும் ராகிக்கு எறச்சுக்கலாம்னு சொல்லு. என்ர கடலை ஒரு பொழுது தாங்கும். ஆனா மடை திருப்ப ஆள் இல்லை. திட்டம் போட்டவரையே மம்முட்டியோட வரச் சொல்லு."

"வந்துருவாருன்னு சொல்லு சாமி."

என்னை யாரும் கேட்கவில்லை. காளைகள்கூட என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் அண்ணனே காளைகளை ஓட்டினார். நான் மண்வெட்டியால் வரப்பை மூன்று முறை தப்பான இடத்தில் வெட்டியதில் பாதித் தண்ணீர் பாதைக்குப் பாய்ந்தது.

"முடிஞ்சுதா தம்பி?" என்று கிணற்று மேட்டிலிருந்து கத்தினார்.

"ஒரு பாத்தி பாக்கிங்கண்ணா!"

உண்மையில் நான்கு பாத்தி பாக்கி. அது அவருக்கும் தெரிந்தது. உச்சி தாண்டியும் எங்கள் ராகிக்கே இறைத்துக்கொண்டிருந்தார்.