ஏன் அப்படி வரைந்தேன் என்றால்

படம் வரைவது எங்கள் தொழிலில் சின்ன வேலை. அதை ஏன் அப்படி வரைந்தோம் என்று எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குப் புரியவைப்பதுதான் பெரிய வேலை. கல்யாணப் பத்திரிகையோ எண்ணெய் டின்னோ நினைவஞ்சலிப் படமோ, எதுவாக இருந்தாலும் கடைசியில் அந்தக் கேள்வி வந்துவிடும். டிசைனர்களுக்கு நான் சொல்லாமலே தெரியும். மற்றவர்களும் எதையோ செய்துவிட்டு, அதற்கு யாரிடமோ விளக்கம் சொல்லிச் சொல்லி ஓய்ந்தவர்களாகத்தான் இருப்பீர்கள். அந்த தைரியத்தில் எழுதுகிறேன்.

முன்பு தில்லைநகரில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஆபீஸ் வைத்திருந்தோம். சென்னை, பெங்களூர் என்று ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். இப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி அறை. அதில் நானும் ஒரு கம்ப்யூட்டரும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையெல்லாம் வாட்ஸப்பில் வந்து வாட்ஸப்பிலேயே போய்விடுகிறது. எப்போதாவது ஒருவர் படியேறி நேரில் வந்து "இது ஏன் சார் இப்படி?" என்று கேட்டால், முகத்தில் சலிப்பைக் காட்டிக்கொண்டே அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போடுவேன்.

முதுகு காட்டிய தம்பதி

உத்தர வீதியிலிருந்து ஒருவர் பெண்ணின் கல்யாணப் பத்திரிகைக்காக வந்தார். ரிட்டயர் ஆன பேங்க் அதிகாரி. நெற்றியில் பளிச்சென்று திருமண், கையில் குடை. ஒரே பெண், மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. வழக்கமான சங்கு சக்கரத்தோடு நிறுத்தாமல் ஒரு படம் வேண்டும் என்று அவரே கேட்டதால் உற்சாகமாகிவிட்டேன். இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்துக்கொண்டு காவிரிக் கரையில் நடந்து போகிறார்கள். நாம் பின்னாலிருந்து பார்க்கிறோம். பெண்ணின் பின்னலும் புடவை மடிப்பும் மட்டும் தெரியும், முகம் தெரியாது.

காரணத்தையும் விரிவாகச் சொன்னேன். இருவரும் தங்கள் வாழ்க்கையை நோக்கிப் போகிறார்கள், நாம் நின்று வழியனுப்புகிறோம், முகம் தெரியாததால் பார்க்கிற ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பெண்ணை அங்கே நினைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் பேசினேன். நான் பேசி முடித்ததும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டில் துடைத்தார். பெருமாளே முகத்தைக் காட்டித்தானே சேவை சாதிக்கிறார் என்று சாஸ்திரமாக ஏதாவது சொல்லப்போகிறார், பதில் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன். அவர் படத்தைத் தொடாமல் சொன்னார்: "எல்லாம் நன்னாத்தான் இருக்கு. அவ முதுகைக் காட்டிண்டு போறதை அன்னிக்குப் பார்த்தா போறும். இப்பவே எதுக்கு?"

டின்னும் நானும் ஒரே பஸ்ஸில்

மருங்காபுரியில் மரச்செக்கு வைத்திருக்கும் ஓர் அம்மாவுக்கு நாலு வருஷமாக டிசைன் செய்கிறேன். இதுவரை நேரில் பார்த்ததில்லை. அவருடைய கடலை எண்ணெய் டின்னுக்கு நான் செய்த லேபிளில் குறுக்கே ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு மேலே செடி, கீழே மண்ணுக்குள் கொத்தாகக் கடலை. அந்த மண்ணின் நிறத்துக்காக மூன்று நாள் பாடுபட்டேன். அவர் செல்போனில் எடுத்து அனுப்பிய கொல்லைக்காட்டு மண்ணைப் பார்த்துப் பார்த்துக் கலந்த நிறம் அது. இதையெல்லாம் ஐந்து நிமிஷத்துக்குக் குரல் பதிவாக அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

போன மாதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால், ஜன்னலோரம் ஒரு வயதான அம்மா அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் டின்னையே பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, நகர்ந்து இடம் கொடுத்து, "உக்காருங்க தம்பி" என்றார். இந்தப் படம் நான் வரைந்ததுதான் என்று ஆரம்பித்தேன். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நெரிந்து பஸ் ஊர்ந்தது. எனக்கு அது வசதியாகப் போயிற்று. மண் நிறம், கோடு, செடியை ஏன் கொஞ்சம் வாடலாக வரைந்தேன், வானத்தை ஏன் விட்டுவிட்டேன், எல்லாவற்றையும் சொன்னேன். ஆபீஸ் கலைந்தது, இப்போது பேச்சுத்துணை இல்லாதது என்று கேட்காததையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. அவர் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தலையாட்டிக்கொண்டே வந்தார். இத்தனை வருஷத்தில் என்னை அவ்வளவு பொறுமையாகக் கேட்டவர் யாருமில்லை.

ராஜகோபுரம் ஸ்டாப்பில் அவர் எழுந்தார். இறங்குவதற்கு முன் என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "எனக்குக் காது கேக்காது தம்பி. என்னமோ மனசுல வச்சுக்கிட்டு வருந்துறீங்கன்னு மட்டும் தெரிஞ்சுது. சரியாயிடும்."

கதவு சாத்திய வீடு

பச்சைமலையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு எழுத்துப் படங்கள் வரைந்து தரச் சொன்னார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு படம். பஸ் நேரத்தை நம்ப முடியாதென்பதால் அடிவாரத்திலிருந்து அந்த ஊர் ஆசிரியர் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். அன்று விடுமுறை. படங்களைச் சுவரில் ஒட்டும்போது ஆசிரியரோடு, பள்ளியைத் திறந்துவைக்க வந்திருந்த சத்துணவு சமைக்கும் அக்காவும் கூட நின்று பார்த்தார். 'வீ' என்ற எழுத்துக்கு வீடு. சிவப்பு ஓட்டுக் கூரை, இரண்டு ஜன்னல், நடுவில் நீலக் கதவு. அவ்வளவுதான். மரம், கோழி, ஆள் எதுவும் கிடையாது.

அந்த அக்கா வேறு எந்தப் படத்தைப் பற்றியும் கேட்கவில்லை. இதன் முன்னால் வந்து நின்று, இங்கே இருந்தவர்கள் எங்கே போய்விட்டார்கள் என்று கேட்டார். யாரும் எங்கேயும் போகவில்லை, குழந்தையின் கண் வேறு பக்கம் ஓடக் கூடாது, வீடு மட்டும் மனதில் பதிய வேண்டும், அதனால்தான் ஒன்றும் வரையவில்லை என்று சொன்னேன். ஆசிரியர் ஆமோதித்தார். அக்கா சமாதானம் ஆகவில்லை. அந்தப் படத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்து, வாசலில் இரண்டு ஜோடி செருப்பும் வரைந்து அடுத்த வாரம் அனுப்பினேன். ஆனால் அன்று ஊருக்குத் திரும்பி, மாடியேறி, என் அறைப் பூட்டில் சாவியை நுழைத்தபோது அவர் பேச்சு கூடவே ஏறி வந்திருந்தது: "சாத்திக் கெடக்கு, உள்ள ஆளும் இல்ல. இதைப் போய் வீடுன்னு புள்ளைங்ககிட்ட எப்படிங்க சொல்றது?"

ஆறாவது விரல்

கே.கே. நகரில் பிசியோதெரபி மையம் வைத்திருக்கும் ஒருவர் இரண்டு வருஷத்துக்கு முன் என்னிடம் ஒரு நோட்டீஸ் செய்துகொண்டு போனவர். இந்த முறை படத்தையும் கையோடு கொண்டுவந்தார். முதியவர் கையை ஒரு நர்ஸ் பிடித்திருக்கிற படம். கம்ப்யூட்டரே போட்டுக் கொடுத்ததாம். நர்ஸ் கையில் ஆறு விரல். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்றார். விரலை எடுத்தேன். மனசு கேட்காமல், வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து ஏன் வருகிறது என்று அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார்: "அதையும் கேட்டேன் சார். பாக்கறவங்களுக்கு நம்பிக்கை வரணும்னுதான்னு சொல்லுச்சு. போன தடவை நீங்க சொன்ன அதே பதில்தான், ஆனா சலிச்சுக்காம சொல்லுச்சு."

ஒரு திருத்தம், இன்னொரு திருத்தம்

கைலாசபுரம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஒருவர் வந்தார். பெயர் கோவிந்தராசு. தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, நினைவஞ்சலிப் படம் வேண்டும் என்றார். தனிப் படம் ஒன்றுகூட இல்லை. கேமராவைக் கண்டால் அந்த அம்மா அடுப்படிக்குள் போய்விடுவாராம். இவருடைய பணி ஓய்வு விழாவில் எடுத்த குரூப் போட்டோ ஒன்றுதான் இருந்தது. நாற்பது பேருக்கு நடுவே, ஓரமாக, நகம் அளவுக்கு ஒரு முகம். அதுவும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. பெரிதாக்கினால் கலைந்துவிடும் என்பதால் பார்த்து வரைய வேண்டியதாயிற்று.

முதல் படத்தில் கண்ணை நேராகத் திருப்பி, உதட்டில் லேசாகச் சிரிப்பு வைத்தேன். ஏன் என்று கேட்டார். நேராகப் பார்த்தால்தான் அஞ்சலி செலுத்த வருபவர்களை அவர் வரவேற்பது போல இருக்கும் என்றேன். அவர் அந்தக் குரூப் போட்டோவை எடுத்து என் பக்கம் திருப்பிவைத்தார். பிறகு, அந்த நிமிஷம்தான் தனக்கு மாலை போட்டார்கள், அவள் கேமராவைப் பார்க்கவில்லை, தன்னைப் பார்த்தாள் என்றார். கண்ணைப் பழையபடி திருப்பினேன். சிரிப்பு இருக்கட்டும் என்றார்.

மறுநாள் பதினொரு மணிக்கு மறுபடி வந்தார். மூக்குத்தி இடது பக்கம் என்றார். அடுத்த நாள் வகிடு. அதற்கடுத்த நாள் ரவிக்கையின் நிறம். ஒவ்வொரு திருத்தத்தோடும் அந்த அம்மாவைப் பற்றி ஒரு செய்தி வந்தது. ஷிப்ட் முடிந்து வரும் இவருடைய சைக்கிள் சத்தம் தெருமுனையில் கேட்டதும் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாராம். இவர் கோபமாக இருந்தால் பேச மாட்டாராம், தோசை மட்டும் இன்னொன்று விழுமாம். நானும் என் பங்குக்கு, புருவத்தை ஏன் மெல்லிசாக விட்டேன், பின்னால் ஏன் வெளிர் மஞ்சள் கொடுத்தேன் என்று சொல்வேன். அவர் உண்மையிலேயே கேட்பார். காலையில் பால் பாக்கெட் இரண்டாக வாங்கத் தொடங்கினேன். பத்தே முக்காலிலிருந்து காது படிக்கட்டில் இருக்கும்.

எட்டாவது நாள் மூக்குத்தி வலது பக்கம் என்றார். அவர் இடது என்று சொன்னதை நான் ஞாபகப்படுத்தவில்லை. மாற்றினேன். ஒன்பதாம் நாள், யோசித்துப் பார்த்ததில் இடதுதான் என்றார். மறுபடி மாற்றினேன். இரண்டு பேருமே சிரிக்கவில்லை. டீ ஆறிப்போகும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.

திதி நெருங்கிவிட்டது. அதற்கு மேல் தள்ள முடியாமல் பிரிண்ட் எடுத்தேன். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இவதான்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அப்படியே விட்டுவிட்டார். செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். இரண்டு படி இறங்கியவர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். எப்போதும் போலக் குரலை உயர்த்தாமல் கேட்டார்: "இனிமே என்ன காரணம் சொல்லிட்டுங்க இங்க வர்றது?"

ஒரு சின்னக் கோட்டை ஏன் அங்கே போட்டேன் என்று மணிக்கணக்கில் விளக்கத் தெரிந்த எனக்கு, காரணமெல்லாம் வேண்டாம், சும்மா வாங்க என்று சொல்ல மட்டும் அந்த நேரத்தில் வாய் வரவில்லை.