பண்டானா கட்டிய பெண்ணுக்குத் தலைவலியா?

"அக்கா, உன்னாலதான் எம்மவ கல்யாணம் நின்னு போச்சு!"

போன புதன்கிழமை காலையில் போனை எடுத்ததும் என் தங்கை சாந்தாமணி சொன்ன முதல் வாக்கியம் இது. நாமகிரிப்பேட்டையில் தோட்டம், வீடு, இருபத்தாறு வயதில் ஒரே மகள் நிவேதா என்று இருப்பவள். நான் கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் பாட்டுக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். இங்கிருந்தபடியே நான் எப்படி ஒரு கல்யாணத்தை நிறுத்த முடியும்?

விஷயம் இதுதான். நிவேதாவுக்கு எடப்பாடியில் ஒரு வரன். தறி வைத்திருக்கும் குடும்பம். பையன் கோகுலுக்கு பெங்களூரில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. அதைவிட முக்கியம் — இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. மூன்று வாரமாகப் போனில் பேசுகிறார்கள். வந்த வரனையெல்லாம் ஏதாவது குறை சொல்லித் தட்டிவிட்டவள், இந்தப் பையனைப் பற்றிக் கேட்டால் மட்டும் "ம்... ஓகே பெரிம்மா" என்று வேறு பக்கம் பார்க்கிறாள். அவள் கொடுக்கும் உச்சபட்ச சர்டிபிகேட் அதுதான்.

அப்பா இல்லாத பையன். அம்மா சரி என்றால் எல்லாம் சரி. அந்த அம்மாதான் இப்போது புரோக்கரிடம் "யோசிச்சுச் சொல்றோம்" என்று சொல்லிவிட்டார். நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா?

காரணம்? பெண்ணுக்குத் தீராத தலைவலியாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிவேதாவுக்குத் தலைவலியா? அடுத்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறாள், ஒத்துக்கொள்கிறேன். அவளுக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை!

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

ஏற்காடு மலைப்பாதை ஆரம்பிக்கும் இடத்தில்தான் எங்கள் ஊர். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வரும் பிள்ளைகள் டீக்கடையில் நிறுத்தி, தலையில் ஒரு வண்ணத் துணியைக் கட்டி, அதன்மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மேலே போவார்கள். அந்தத் துணிதான் பண்டானா. அங்கே ஒரு கடையில் தொங்கியவற்றில், நீலத்தில் வெள்ளைப் பூ போட்ட ஒன்று கண்ணை இழுத்தது. நிவேதாவுக்கு வாங்கினேன். அவள் இங்கே வந்தபோது வீடியோ பார்த்து மடிக்கவும் சொல்லிக் கொடுத்தேன்.

சதுரத் துணியை மூலைக்கு மூலை சேர்த்து முக்கோணமாக்க வேண்டும். கூர்முனையிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு மடித்துக்கொண்டே வந்தால் பட்டையாகிவிடும். அதை நெற்றிக்கு மேலே வைத்து, கூந்தலுக்கு அடியில் பிடரியில் ஒரு முடிச்சு. அவ்வளவுதான். நான் கட்டிப் பார்த்தேன்... போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை கேட்டு வந்தவள் மாதிரி இருந்தேன். நிவேதாவுக்கோ அழகு அள்ளிக்கொண்டு போனது.

அந்தப் போன் வருவதற்கு முந்தின ஞாயிறன்று அவள் அதைக் கட்டிக்கொண்டு தன் வீட்டு ஹாலில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருக்கிறாள். காரில் ஒரு அம்மாவும் ஒரு பெரியவரும் வந்து இறங்கினார்களாம். நடுவதற்கு மரவள்ளி விதைக்குச்சி விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டார்களாம். தங்கையின் வீட்டுக்காரர் பெரியவரைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய்விட்டார். அந்த அம்மா மட்டும் வீட்டில் உட்கார்ந்தார்.

புரிகிறதல்லவா? முறைப்படி பெண் பார்க்க வருவதற்கு முன்னால், யாரோ மாதிரி வந்து நோட்டம் விட்டுப் போவது நம் பக்கத்து வழக்கம். எருமை விலைக்கு வருமா என்பார்கள், தேங்காய் என்ன விலை என்பார்கள். இதெல்லாம் தெரிந்த என் தங்கை விதைக்குச்சியை அப்படியே நம்பிவிட்டாள். வந்தவர் கோகுலின் அம்மா என்பது புரோக்கர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. இவர்கள் பையனின் போட்டோவைத்தான் பார்த்திருந்தார்கள், அம்மாவை யார் பார்த்தது?

அந்த அம்மா நிவேதாவையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாராம்.

"ஏங்கண்ணு, தலவலியா?"

நம்மூரில் நெற்றியைச் சுற்றித் துணி கட்டியிருந்தால் வேறென்ன கேட்பார்கள்? நிவேதா வாயைத் திறப்பதற்குள் அவள் அம்மா முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க. அவளுக்கு அப்பப்ப வருமுங்க. துணியக் கட்டுனாத்தான் கேக்கும்."

ஏன் அப்படிச் சொன்னாள்? முன்பின் தெரியாத ஒருவரிடம், என் மகள் அழகுக்காகக் கட்டியிருக்கிறாள் என்று சொல்லக் கூச்சம்!

"வேலவெட்டி இல்லாம சிங்காரிச்சுட்டு உக்காந்திருக்கறான்னு நெனைக்க மாட்டாங்களாக்கா?" என்றாள் என்னிடம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் யோசித்தால்... நான் மட்டும் என்ன? பகலில் அரை மணி நேரம் படுத்திருக்கும்போது யாராவது வந்துவிட்டால், "உடம்புக்கு முடியலீங்க" என்று சொல்லிக்கொண்டேதான் எழுந்திருக்கிறேன். சும்மா படுத்திருந்தேன் என்று ஒரு நாளாவது சொன்னேனா? பிடித்ததைச் செய்வதற்குக்கூட நமக்கு ஒரு வியாதி வேண்டியிருக்கிறது.

போன் வந்த அன்றே பஸ் ஏறித் தங்கை வீட்டுக்குப் போனேன். புரோக்கருக்குப் போன் போட்டு, தலைவலி இல்லை, அது ஃபேஷன் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் அங்கே சொல்லிவிட்டுப் பத்தே நிமிடத்தில் திருப்பிக் கூப்பிட்டார்.

"கெடுத்துப்போட்டீங்களேக்கா! தலவலின்னா மாத்திர இருக்குதுன்னு சொல்லிச் சமாதானம் பண்ணி வெச்சிருந்தேன். இப்ப, அம்மாளும் மவளும் சேந்து பொய் சொன்னாங்களான்னு கேக்கறாங்க."

நோய்க்கு மாத்திரை உண்டு. பொய்க்கு?

கோகுலும் "அம்மாகிட்ட பேசறேன்" என்றதோடு சரி. இரண்டு நாளாக மெசேஜ் இல்லை. நிவேதா அழவில்லை. சாப்பிடவும் இல்லை. அவளைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தக் கடைப் பக்கமே போகாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

சாயங்காலம் அவளே புரோக்கரிடம் கோகுலின் அம்மா நம்பரை வாங்கினாள். போனை ஸ்பீக்கரில் போட்டு எங்கள் நடுவில் வைத்தாள்.

"அத்தை, நிவேதா பேசறனுங்க. எனக்குத் தலவலியெல்லாம் இல்லீங்க. நல்லா இருக்குதுன்னுதான் கட்டியிருந்தேன். அம்மா கூச்சப்பட்டுட்டு மாத்திச் சொல்லிட்டாங்க. நானும் பேசாம இருந்துட்டேன். அது என் தப்புங்க."

மறுமுனையில் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. என் தங்கை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நாங்களுந்தான் வெதக்குச்சி வாங்க வரலியே கண்ணு," என்றார் அந்த அம்மா.

அவரே தொடர்ந்தார். "முப்பது வருசமாத் தறியில துண்டு மடிக்கிறவ நானு. அந்தத் துணிய அத்தன நறுக்குனு மடிச்சது ஆருன்னு கேக்கோணும்னுதான் வாயத் தொறந்தேன். ஆருன்னே சொல்லிக்காம வந்துட்டு, அது அழகா இருக்குதுன்னு எப்படிச் சொல்றது? தலவலியான்னு கேட்டுப்போட்டேன். உனக்கு நெசமாலுமே நல்லா இருந்துச்சு சாமி... வர்ற வெள்ளிக்கெழம ஊட்டுக்கு வாரோம். இந்த வாட்டி சொல்லிப்போட்டுத்தான் வாரோம்."

போனை வைத்ததும் நிவேதா என்னைப் பார்க்கவில்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"அன்னிக்கு உன் கண்ணுக்கு நான் எப்படிம்மா இருந்தேன்?"

"அழகாத்தான் இருந்தே," என்றாள் என் தங்கை... மகள் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக.