மூன்று முறை அழைத்த பெயர்

பேசுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவனோடு யாரும் பேசுவதில்லை. மைக் பிடித்துப் பிழைக்கும் உங்களுக்கு இது தெரிந்திருக்கும். சுதந்திரம் வந்த புதிதில் மைசூரின் பெரிய கூடத்தில் அறிவிப்பாளனாகச் சேர்ந்தேன். ஒரே கூரையின் கீழ் இன்று மலர்க்காட்சி, நாளை குஸ்தி, அடுத்த நாள் மந்திரி கூட்டம். எதையும் நான் பார்த்ததில்லை. மேடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு மைக், அறிவிக்கச் சொல்லி வாசலிலிருந்து வரும் சீட்டுகள். அவ்வளவுதான் என் கூடம்.

மைக் சாமி

முதல் நாள் வாசல் காவலர் மாதப்பாவிடம் என் பேரைச் சொன்னேன். தமிழ் எல்லைப் பக்கத்து ஹனூர்க்காரர், தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்தார் என்று மகிழ்ந்தேன். அவர் வைத்த பேர்தான் பிறகு எல்லார் வாயிலும் நின்றது. "பேரெல்லாம் எனக்கு நிக்காதுங்க. மைக்குல பேசறீங்க, மைக் சாமின்னே கூப்புடறனுங்க."

குடைக்காரி

மலர்க்காட்சியில் ஒரு குடை கிடந்தது. அறிவித்தேன். அதைத் தேடி வந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டியும் பார்த்தாள். "குரலைக் கேட்டு யாரோ பெரிய மனுஷர்னு நெனச்சேன். நீங்கதானா?"

வராத ஆள்

இதே குரலால்தான், தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்ட என் மகளிடம், "இனி இந்த வாசலை மிதிக்காதே" என்று சொன்னேன். சொன்னது நானா, என் பிடிவாதமா? நாலு வருஷமாக யோசிக்கிறேன். கடிதம் மட்டும் எழுதவில்லை.

ஒரு குஸ்தி நாள். கூடம் அதிர்ந்துகொண்டிருந்தது. மாதப்பா எழுதி அனுப்பிய சீட்டை வழக்கம்போல வாய் படித்தது: "மண்டி மொஹல்லாவில் குடியிருக்கும் ரங்காச்சாரைப் பார்க்க வந்தவர் வாசலில் காத்திருக்கிறார்." ஆள் வரவில்லை என்று மறுபடி சீட்டு. மறுபடி படித்தேன். மூன்றாவது முறை எனக்கே எரிச்சல்: தேடி வந்தவரை இப்படிக் காக்க வைக்கிறானே, என்ன கல்நெஞ்சன்!

சீட்டைக் கம்பியில் குத்தப் போனபோதுதான் உறைத்தது, ரங்காச்சார் நான். ஓடினேன். வாசலில் மாதப்பா மட்டும் நின்றிருந்தார். "உங்க குரலைக் கேட்டதும் அந்தப் புள்ள அழுதுபோட்டுதுங்க, சாமி. மூணாந்தடவை, ‘அப்பா படிக்கறார், ஆனா வரமாட்டேங்கறார். கோபம் இன்னும் போகலை’ன்னு சொல்லிப்போட்டு ஜட்கா ஏறிப் போயிருச்சுங்க."

இப்போதெல்லாம் எந்தச் சீட்டையும் எனக்குள் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் மைக்கில் படிக்கிறேன். மைக் சாமிக்கு வயசாகிறது, கண் மங்குகிறது என்கிறார் மாதப்பா.