இடைவெளியின்மேல் ஒரு கூரை

சௌல்தாரி என்னும் தீவுக் கிராமத்தில் நாங்கள் வாழும் வீட்டைக் கட்டியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. என் தந்தையார் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து அதனை வாங்கியபோதே அது பழைய வீடு. படாக் என்னும் இரும்பு போன்ற வன்மரத்தாலான அதன் தூண்கள் மண்ணில் புதைக்கப்பட்டவை அல்ல. தட்டைக் கற்களின்மேல் வெறுமனே நிற்பவை. ஈரம் தூணில் ஏறாதிருக்கவும், நிலம் நடுங்கும்போது வீடு முறியாமல் அசைந்து கொடுக்கவும் செய்த ஏற்பாடு அது. தரைப்பலகைக்குக் கீழே ஒருவர் குனிந்து செல்லத்தக்க வெளி உண்டு. தேங்காய் மட்டையும் விறகும் அங்கேதான் அடுக்கப்படும். வீட்டிற்கு அப்பால் தனியே அடுக்களை. அதற்கும் அப்பால் கொப்பரை உலர்த்தும் சூளைக் கொட்டகை. சரிவின் அடியில் மாட்டுத் தொழுவம். ஒன்றின் கூரை மற்றொன்றைத் தொடாது.

அவ்விடைவெளிகளைப் பழைய தச்சரின் கஞ்சத்தனம் என்றே குடும்பத்தில் அனைவரும் கருதினோம். ஆண்டின் பெரும்பகுதி மழை பொழியும் தீவில் சோற்றுப் பானையின்மேல் முறம் கவிழ்த்து வீட்டுக்குள் ஓடிவர வேண்டியிருந்தது. என் மனைவியின் நெடுநாள் முறையீட்டிற்கு இணங்கி, என் தம்பி சூளையிலிருந்து அடுக்களை வழியாக வீடுவரை ஒரு நடைக்கூரை அமைத்தான். மேலே தென்னங்கீற்று வேய்ந்தான். உத்தரத்திற்குப் படாக் மரமே வேண்டுமென்று நின்றான். அதன் முனையை வீட்டின் மூலைத்தூணோடு இரும்புத் திருகாணிகளால் இறுகப் பிணைத்தான். அன்று நாங்கள் அனைவரும் நனையாமல் நடந்து பார்த்து மகிழ்ந்தோம்.

சென்ற பருவமழையின் நடுவே, மழை சில நாள் விட்டிருந்த ஒரு பிற்பகலில் வண்டூர்க் கடற்கரைப் பக்கம் வானம் கறுத்தது. மழை வருவதற்குள் கொப்பரையைக் காயவைத்துவிடும் முனைப்பில் தம்பி சூளைக்குழியில் தேங்காய்ச் சிரட்டையைக் கூடுதலாக இட்டான். மழைக்கு முன்வரும் காற்று வந்தது, மழை வரவில்லை. கொப்பரையின் எண்ணெய் நெருப்பில் சொட்டவே, நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கொட்டகை முழுதும் பற்றிக்கொண்டது. அடுத்த கணம் நடைக்கூரையின் கீற்றில் தீ ஏறி, அடுக்களையை நோக்கி வந்தது. அதே கீற்று வரிசை எங்கள் வீட்டின் தாழ்வாரத்தில்தான் முடிந்தது. அதன் கீழேதான் காய்ந்த மட்டைக் குவியல்.

தீயணைப்பு நிலையத்திற்குச் சொல்லியாயிற்று. வண்டி வரும்வரை வீடு நிற்குமா என்பதே கேள்வி.

அடுத்த தோட்டத்து வங்காளிக்காரர் கயிற்றுச் சுருளோடு ஓடிவந்து, பள்ளி ஆசிரியனான என்னைப் பார்த்துக் கத்தினார்.

"மாஸ்டர்ஜி, உத்தரத்துல கயிறு போடு! எல்லாரும் சேர்ந்து கீஞ்சோ, இழு! ஒரே இழுப்பு, பூரா கூரையும் கீழ!"

கயிறு உத்தரத்தில் விழுந்துவிட்டது. தம்பியும் இழுக்கப் பாய்ந்தான்.

"இழுக்காதீங்க தாதா!" என்று அந்த வங்காளி அண்ணனிடம் கத்தினேன். "தூண் கல்லுமேல சும்மா நிக்குது. உத்தரத்தோட தூணும் வந்துடும், வீடே சாயும்!"

"அப்ப அறுக்கத்தான் வேணும்" என்றான் தம்பி. "ஆனா அடுப்படிக்கு அந்தப் பக்கம் நெருங்க முடியலண்ணே. அனல் அடிக்குது."

வீட்டின் அடியிலிருந்து மட்டைகளை வெளியே எறிந்துகொண்டிருந்த என் மனைவி குரல் கொடுத்தாள். சமையல் எரிவாயு உருளையை அதற்கு முன்பே அவள் வெளியே உருட்டியிருந்தாள்.

"இந்தப் பக்கமே அறுங்க! அடுப்படி போனாப் போகுது!"

தம்பி ஏணியில் ஏறித் தூணை ஒட்டி உத்தரத்தில் வாளை வைத்தான். படாக்கில் வாளின் பல் பதியவே மறுத்தது. அடுக்களைக் கூரையின் ஓரம் புகையத் தொடங்கியது.

"படாக்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்களே கொழுந்தனாரே! இப்ப அறுங்க!"

"அண்ணி, திட்டுறத அப்புறம் வச்சுக்கங்க. தூண்ல தண்ணி ஊத்துங்க!"

நானும் வங்காளிக்காரரும் உத்தரத்தின் அடியில் முட்டுக்கழி கொடுத்துத் தாங்கினோம். பாதி அறுபட்டதும் உத்தரம் தன் பாரத்தால் முறுக்கிக்கொண்டது. மூலைத்தூண் தன் கல்லின்மேல் ஒரு விரல் அகலம் நகர்வதைக் கண்டேன். மேலே பலகைகள் நெரிந்தன. வாளின் ஓசையும் தீயின் ஓசையும் மட்டுமே கேட்டன. கீற்றிலிருந்து பறந்த பொறியொன்று என் தோளில் விழுந்தது. கழியை விட இயலாமல் அதனை அப்படியே பொறுத்துக்கொண்டேன்.

உத்தரம் முறிந்து விழுந்தது. தூண் கல்லைவிட்டு இறங்கவில்லை.

"இப்ப இழுங்க தாதா!"

"இப்பவா? நான் அப்பவே சொன்னேன்ல!" என்று முணுமுணுத்தபடியே அவர் இழுத்தார். கீற்றுகள் முற்றத்தில் சரிந்து, வீட்டிற்கு எட்டாத இடத்தில் எரிந்தன. அடுக்களை எங்கள் கண்ணெதிரே முற்றிலும் எரிந்து அமிழ்ந்தது. அதன்பிறகே மழை வந்தது. வண்டியும் வந்தது.

சாம்பலை அள்ளி முடித்தபின், புதிய அடுக்களைக்காகத் தம்பி பழைய இடத்திலேயே முளைக்குச்சிகளை நட்டுக் கயிறு கட்டினான். இம்முறை நடைக்கூரைக்குத் தகரம் போடலாம், அது பற்றாது என்றான். என் மனைவி வந்து, வீட்டோரத்துக் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு அப்பால் நடந்தாள்.

"அவ்வளவு தூரமா? மழையில நனைவீங்க அண்ணி."

"நனைஞ்சுக்கறேன்" என்றாள். பிறகு ஒரு கல்லை எடுத்து, குச்சியைத் தானே அங்கே அடித்து இறக்கினாள்.