சேர்ந்திசைக்கு ஆள் எடுத்த டீச்சர்

மாவட்டச் சேர்ந்திசைக் குழுவுக்குப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்வு செய்ய செஞ்சிக்கு ஒரு பாட்டு டீச்சர் வந்திருந்தார். குள்ளமான உருவம், தலைமேல் ஏற்றிவிட்ட கண்ணாடி. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பாடும் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால், காதருகே கையைக் குவித்தபடி நடந்துகொண்டே இருந்தார்.

தளவானூரில் பஸ் ஏறும்போதே என் மகளிடம், "மத்த பசங்க குரலே கேக்கக் கூடாது, அப்படிப் பாடு" என்று சொல்லியிருந்தேன். அப்படியே பாடினாள். பட்டியலில் அவள் பெயர் இல்லை. அழுதுகொண்டு வந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"இன்னா டீச்சர், ஊருக்கே கேக்கற மாதிரி பாடுச்சே எம் பொண்ணு, உங்க காதுல விழலியா?"

"விழுந்துது சார். கூட நின்ன நாலு பேரு பாட்டுதான் விழல. நீங்க பொண்ணு பக்கத்துல நின்னு கூடப் பாடுங்க, இன்னொரு வாட்டி கேக்கறேன்."

"நானா? எனக்குப் பாட வராதுங்க."

"அதான் வேணும்."

சண்டைக்குப் போனவன், பள்ளியில் படித்த வணக்கப் பாட்டைப் பாடினேன். தாறுமாறாகப் போனது. மகள் முதல் வரியைத் தன் போக்கில் பாடினாள். பிறகு என்னைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, நான் இழுத்த இடத்தில் தானும் இழுத்து, என்னோடு வந்து சேர்ந்துகொண்டாள்.

டீச்சர் பட்டியலின் அடியில் அவள் பெயரை எழுதினார்.

"இவரு கூடவே சேந்து பாடிடுச்சு. இனிமே யார் கூட வேணா பாடும்."

சுற்றி நின்ற பெற்றோர் எல்லாரும் சிரித்தார்கள். வேறு யார் சொல்லியிருந்தாலும் சும்மா விட்டிருக்க மாட்டேன். அந்த டீச்சரம்மாவிடம் மட்டும், "ஒத்திகைக்கு என்னிக்குங்க கூட்டினு வரணும்?" என்றுதான் வாயில் வந்தது.